ஸ்பிரிங் பிரேக்கில் டிஸ்னி வேர்ல்டு: முதன்முறை போகும் குடும்பங்களுக்கு

நாங்கள் அமெரிக்காவுக்கு வந்த இரண்டாவது வருடம் அது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ போய்வந்த கதையைக் கேட்டுக்கொண்டு வந்து எங்கள் மகள் வீட்டில் சொன்னாள். சரி, நாமும் போவோம் என்று கிளம்பினோம். ஆறு வயது மகள், மூன்று வயதுக்கு ஒரு மாதம் குறைந்த மகன், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை, நாங்கள் இருவர் என்று மொத்தம் ஐந்து பேர். பிறகு இன்னும் இரண்டு முறை போய்விட்டோம். பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பதால் எல்லாமே மார்ச் அல்லது ஏப்ரலில்தான்.

முதல் பயணத்தில் காசும் கரைந்தது, பிள்ளைகளும் அழுதார்கள், அத்தைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மூன்றாவது பயணத்தில் எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பினோம். எந்த ரைடில் ஏறுவது என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, நம் ஐந்து பேரில் யார் முதலில் களைத்துப் போவார் என்று யோசித்து அதற்கேற்ப நாளை அமைத்தோம். அதனால் வந்த மாற்றம்தான். இந்த வருடம் முதன்முறை போகிறவர்களுக்காக, எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பள்ளிக் காலண்டர்

ஊரில் கோடை விடுமுறை எல்லாப் பள்ளிக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். இங்கே ஸ்பிரிங் பிரேக் என்னும் வசந்த கால விடுமுறை அப்படியில்லை, ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தனக்கென்று ஒரு வாரம் வைத்திருக்கிறது. டெக்சஸில் பெரும்பாலும் மார்ச் நடுவில் வரும், ஃபுளோரிடாவிலும் பல மாவட்டங்களுக்கு அப்படித்தான். நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஈஸ்டரையும் யூதர்களின் பாஸ்ஓவரையும் ஒட்டி விடுவார்கள். மாசசூசெட்ஸில் ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை வரும் பேட்ரியட்ஸ் டே இருக்கும் வாரம். ஆகவே மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் கடைசி வரை ஆர்லாண்டோவுக்கு யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். அதிலும் ஈஸ்டருக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும்தான் உச்சம். 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28.

உங்கள் விடுமுறை அந்த இரண்டு வாரங்களில் விழுந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு நாளில் பார்க்க நினைப்பதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளைக்கே இன்னும் பள்ளி தொடங்கவில்லை என்றால் ஸ்பிரிங் பிரேக்கில் போகவே வேண்டாம். செப்டம்பரில் கூட்டமும் விலையும் குறைவு, வெயில் மட்டும் கொஞ்சம் கடுமை.

வானிலையைப் பொறுத்தவரை மார்ச், ஏப்ரல் நல்ல மாதங்கள். பகலில் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கும். மார்ச் காலையில் 13, 14 டிகிரிக்கு இறங்கிவிடுவதால் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் அவசியம். பத்து மணிக்கு அதைக் கழற்றிப் பையில் திணிக்க வேண்டியிருக்கும், அதற்கும் பையில் இடம் வையுங்கள்.

டிக்கெட்

ஆர்லாண்டோ அருகே உள்ள டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதைப் பலர் ஒரே பூங்கா என்று நினைக்கிறார்கள். சுமார் 40 சதுர மைல் நிலத்தில் நான்கு தனித்தனி தீம் பார்க்குகள் இருக்கின்றன: மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் பஸ், கார், மோனோரயில் என்று ஏதாவது ஒன்று பிடிக்க வேண்டும்.

மூன்று வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம். 3 முதல் 9 வரை குழந்தைக் கட்டணம், பெரியவர் கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. 10 வயதானால் பெரியவர். கடைக்குட்டிக்கு மூன்றாவது பிறந்தநாள் நெருங்குகிறது என்றால் அதற்கு முன் போய்வருவது லாபம். எங்கள் மகன் அப்படித்தான் முதல் முறை இலவசமாகப் போனான்.

விலை தேதிக்குத் தேதி மாறும். கூட்ட நாட்களில் ஒரு நாள் டிக்கெட் 150 டாலரைத் தாண்டிவிடும். நாட்கள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை இறங்கும் என்றாலும், நான்கு பேர் நான்கு நாள் போனால் டிக்கெட்டுக்கு மட்டுமே இரண்டாயிரம் டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். நான்கு நாள் டிக்கெட்டை ஏழு நாட்களுக்குள் பயன்படுத்தினால் போதும். அதனால் நடுவில் ஒரு நாள் விட்டுவிட்டுப் போகலாம். அந்த ஒரு நாள் ஓய்வு எவ்வளவு முக்கியம் என்பதை மூன்றாம் நாள் காலையில் பிள்ளைகள் எழுந்திருக்க மறுக்கும்போதுதான் நாங்கள் புரிந்துகொண்டோம்.

ஒரே நாளில் இரண்டு பார்க்குக்குப் போக பார்க் ஹாப்பர் என்று கூடுதல் கட்டணத்தில் ஒன்று உண்டு. சிறு பிள்ளைகளோடு முதன்முறை போகிறவர்களுக்கு அது தேவையில்லை, ஒரு பார்க்கையே முழுதாகப் பார்க்க முடியாது.

மிச்சமிருக்கும் டிக்கெட்டைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று யாராவது இணையத்தில் விற்றால் வாங்காதீர்கள். டிக்கெட் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவருக்கு மாறாது, நுழைவாயிலில் விரலை வைத்துச் சரிபார்ப்பார்கள். டிஸ்னி அங்கீகரித்த விற்பனையாளர்களிடம் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது. தேதியை மாற்றலாம், விலை வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

விமானமும் காரும்

ஆர்லாண்டோ விமான நிலையத்துக்கு எல்லாப் பெரிய ஊர்களிலிருந்தும் விமானம் உண்டு. 2025 மே மாதத்திலிருந்து உள்நாட்டு விமானத்துக்கும் ரியல் ஐடி என்னும் மத்திய அரசுத் தரத்துக்கு ஏற்ற டிரைவிங் லைசென்ஸ் கேட்கிறார்கள். அது இல்லாதவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டலாம். விசாவில் இருக்கும் குடும்பங்கள் எப்படியும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு அதுதான் அடையாள அட்டை.

திரும்பும் விமானத்தை ஞாயிறு இரவுக்குப் போடாதீர்கள். சனிக்கிழமை வந்துவிட்டால் ஞாயிறு துணி துவைக்க, தூங்க, பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார் செய்ய ஒரு நாள் கிடைக்கும்.

வாடகைக் கார் எடுத்தால் சுங்கக் கட்டணத்தைக் கவனியுங்கள். ஆர்லாண்டோவைச் சுற்றிய நெடுஞ்சாலைகள் பலவற்றில் டோல் உண்டு. கார் நிறுவனத்தின் டோல் திட்டத்தில் சேர்ந்தால் நாள் கணக்கில் சேவைக் கட்டணமும் போட்டுவிடுவார்கள். விமான நிலையத்திலேயே விசிட்டர் டோல் பாஸ் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஆப்பில் பதிவு செய்து, எடுத்து, காரின் பின்பார்வைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டால் டோல் மட்டும்தான் செலவு. ஃபுளோரிடாவில் 5 வயது வரை குழந்தைக்கு அதற்குரிய கார் சீட் சட்டப்படி கட்டாயம். வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், விமானத்தில் பொதுவாக அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

எங்கே தங்குவது

இதில்தான் குடும்பத்துக்குக் குடும்பம் பதில் மாறும். டிஸ்னி வளாகத்துக்குள்ளேயே தங்கினால் மூன்று நன்மைகள். எந்தப் பார்க்கிலும் தினமும் அரை மணி நேரம் முன்னதாக நுழையலாம். பஸ் இலவசம். பிறகு சொல்லப்போகும் லைட்னிங் லேனை மற்றவர்களுக்கு முன் பதிவு செய்யலாம். விலை குறைந்த விடுதிகளில் பாப் செஞ்சுரி நல்ல தேர்வு. அங்கிருந்து ஸ்கைலைனர் என்ற தொங்கு வண்டியில் ஏறி எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் போய்விடலாம், பிள்ளைகளுக்கு அதுவே ஒரு ரைடு மாதிரி. ஆனால் அறையில் அடுப்பு இல்லை. நால்வருக்கு மேல் ஒரே அறையில் தங்குவதும் சிரமம்.

வயதானவர்கள் உடன் வந்தால், அல்லது இரண்டு குடும்பமாகச் சேர்ந்து போனால், கிஸ்ஸிம்மி அல்லது டேவன்போர்ட் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு எடுங்கள். சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், மூன்று நான்கு படுக்கையறை இருக்கும். பல வீடுகளில் நீச்சல் குளமும் உண்டு. பார்க்குக்கு 15 முதல் 30 நிமிடக் கார்ப் பயணம். அங்கே காரை நிறுத்தத் தினமும் தனிக் கட்டணம் வாங்குவார்கள். நாங்கள் கடைசி இரண்டு முறையும் வீடுதான் எடுத்தோம். இரவு ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து சூடாக ஒரு ரசம் சாதம் சாப்பிட்டபோது, அத்தை 'நாளைக்கும் வர்றேன்' என்றார். முதல் பயணத்தில் அவர் இரண்டாம் நாளே அறையில் தங்கிவிட்டவர்.

வெளியே ஓட்டலில் தங்குவதென்றால், 'டிஸ்னிக்கு இலவச ஷட்டில்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பதிவு செய்யாதீர்கள். போன் செய்து எத்தனை மணிக்கு வண்டி, திரும்ப எத்தனை மணிக்கு, முன்பதிவு வேண்டுமா என்று கேளுங்கள். நாங்கள் முதலில் தங்கிய ஓட்டலில் காலையில் ஒரே ஒரு வண்டி, அதுவும் முந்தைய நாளே பெயர் எழுதியிருக்க வேண்டும். தெரியாமல் போய் நின்று, டாக்ஸி பிடித்தோம். ரிசார்ட் கட்டணம் என்று தினமும் தனியாக ஒரு தொகை சேருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எந்தப் பார்க்குக்கு எத்தனை நாள்

எட்டு வயதுக்குக் கீழான பிள்ளைகள் என்றால் என் யோசனை: மேஜிக் கிங்டம் இரண்டு நாள், அனிமல் கிங்டம் ஒரு நாள், நான்காவது நாள் எப்காட். ஹாலிவுட் ஸ்டூடியோஸை அடுத்த முறைக்கு விடுங்கள். அங்கே நல்ல ரைடுகளுக்கெல்லாம் உயரம் வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் மேஜிக் கிங்டத்தில் ஒரு நாளைக் குறைத்து ஹாலிவுட் ஸ்டூடியோஸைச் சேர்க்கலாம்.

அனிமல் கிங்டத்தில் கிலிமஞ்சாரோ சஃபாரிக்குக் காலையில் முதல் வேலையாகப் போங்கள். திறந்த வண்டியில் ஒட்டகச்சிவிங்கி, யானை, காண்டாமிருகம் எல்லாம் பார்க்கலாம், வெயில் ஏறினால் விலங்குகள் நிழலுக்குப் போய்விடும். வண்டி கொஞ்சம் குலுக்கும், முதுகு வலி உள்ளவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆசியப் பகுதியில் ஆனந்தபூர் என்று ஒரு கற்பனை ஊரையே கட்டியிருக்கிறார்கள். பழைய அரண்மனை போன்ற இடிபாடுகளுக்கு நடுவே புலிகள் உலாவும் நடைபாதை ஒன்று அங்கே உண்டு. வரிசை கிடையாது, மெதுவாக நடந்தால் போதும்.

எப்காட்டைச் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று பலர் ஒதுக்குகிறார்கள். தாத்தா பாட்டி உடன் வந்தால் நான் அதை விடமாட்டேன். லிவிங் வித் தி லேண்ட் என்று ஒரு படகுச் சவாரி, நிஜமான பசுமைக் குடில்களுக்குள் போகும். மண்ணில்லாமல் தொங்கவிட்டு வளர்க்கும் செடிகள், வாழை, பப்பாளி எல்லாம் பார்க்கலாம். தோட்டம் வைத்து வளர்ந்த அத்தை அதில் இரண்டு முறை போனார். வசந்த காலத்தில் மலர்த் திருவிழா வேறு நடக்கும், மிக்கி, மின்னி உருவங்களைச் செடியிலேயே வெட்டி வைத்திருப்பார்கள். பிற்பகலில் உலக நாடுகள் பகுதி: ஏரியைச் சுற்றி 11 நாடுகளுக்கு ஒவ்வொரு அரங்கம். இந்தியா அதில் இல்லை.

வீட்டிலேயே உயரம் அளந்துவிடுங்கள்

இந்த ஒரு வேலையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எங்கள் மகள் ஸ்பேஸ் மவுண்டனைப் பற்றி ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு 44 அங்குலம் வேண்டும். வாசலில் அளவுகோலில் நிறுத்தினார்கள், அரை அங்குலம் குறைவு. அங்கே பணியாளர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் விதி விதிதான், பாதுகாப்புக்காக வைத்தது. நாங்கள்தான் முன்பே அளந்து சொல்லியிருக்க வேண்டும். அவள் அழுகை நிற்க ஒரு மணி நேரம் ஆனது.

அங்கே செருப்பு, ஷூவோடுதான் அளப்பார்கள். நீங்களும் அப்படியே அளந்து, எந்த ரைடில் ஏறலாம், எதில் முடியாது என்று பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். முக்கியமானவற்றைச் சொல்கிறேன். 38 அங்குலம், அதாவது சுமார் 97 சென்டிமீட்டர் இருந்தால் மேஜிக் கிங்டத்தில் செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயின், ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ஸ்லிங்கி டாக் டேஷ். 40 அங்குலத்துக்கு டியானாஸ் பயூ அட்வெஞ்சர், டவர் ஆஃப் டெரர், ஸ்டார் வார்ஸ் பகுதியில் ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், எப்காட்டில் சோரின். 42 அங்குலத்துக்கு எப்காட்டின் கார்டியன்ஸ். 44 அங்குலத்துக்கு ஸ்பேஸ் மவுண்டன், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், அவதார் ஃப்ளைட் ஆஃப் பாசேஜ். ட்ரானுக்கு 48 அங்குலம், சுமார் 122 சென்டிமீட்டர்.

உயரக் கட்டுப்பாடே இல்லாதவையும் நிறைய: பீட்டர் பான், ஹாண்டட் மேன்ஷன், ஸ்மால் வேர்ல்டு, சஃபாரி, எப்காட்டில் ஃப்ரோசன், ரெமி, அனிமல் கிங்டத்தில் நவி ரிவர். மூன்று வயதுப் பிள்ளைக்கு இவையே இரண்டு நாளுக்குப் போதும்.

ஒரு பிள்ளைக்கு உயரம் இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை என்றால் ரைடர் ஸ்விட்ச் என்று வாசலில் கேளுங்கள். அப்பாவும் மூத்த பிள்ளையும் வரிசையில் போவார்கள், அம்மா சின்னவனோடு வெளியே இருப்பார். அவர்கள் வந்ததும் அம்மா நீண்ட வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம், மூத்த பிள்ளையையும் மறுபடி கூட்டிப் போகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. பலருக்கு இது தெரியாமலே போகிறது.

லைட்னிங் லேன்

ஸ்பிரிங் பிரேக்கில் பேர்பெற்ற ரைடுகளுக்கு ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம்கூட வரிசை நீளும். காசு கட்டி வேறு வரிசையில் போவதற்கு லைட்னிங் லேன் என்று பெயர். 2024 ஜூலையில் முறையை மாற்றினார்கள், அதற்கு முந்தைய குறிப்புகளைப் படித்துக் குழம்பாதீர்கள்.

இரண்டு வகை முக்கியம். மல்டி பாஸ் வாங்கினால் ஒரு பார்க்கில் மூன்று ரைடுகளுக்கு நேரம் முன்பே பதிவு செய்யலாம். ஒன்றைப் பயன்படுத்தியதும் அடுத்ததைப் போட்டுக்கொள்ளலாம். சில பார்க்குகளில் பெரிய ரைடுகளிலிருந்து ஒன்றை மட்டுமே முன்பதிவில் எடுக்க விடுவார்கள். சிங்கிள் பாஸ் ஒரே ஒரு ரைடுக்குத் தனியாகக் கட்டுவது. ட்ரான், கார்டியன்ஸ், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் எல்லாம் இந்த வகை.

டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்கள் அங்கே போய்ச் சேரும் நாளுக்கு ஏழு நாள் முன்பிருந்து பதிவு செய்யலாம், மற்றவர்கள் பார்க்குக்குப் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பு. இரண்டுமே கிழக்கு நேரப்படி காலை 7 மணிக்குத் திறக்கும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு அது விடியற்காலை 4 மணி, அலாரம் வையுங்கள். முந்தைய நாளே மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பில் குடும்பத்தில் எல்லோருடைய டிக்கெட்டையும் ஒரே கணக்கில் சேர்த்து, கார்டு எண்ணையும் போட்டு வைத்துவிடுங்கள். ஏழு மணிக்கு உட்கார்ந்து இதையெல்லாம் செய்துகொண்டிருந்தால் நல்ல நேரங்கள் போய்விடும்.

வாங்கலாமா? கூட்ட நாட்களில் மேஜிக் கிங்டத்தில் மல்டி பாஸ் மட்டும் ஆளுக்கு 30 டாலரைத் தாண்டும். நான்கு பேர், நான்கு நாள் என்று கணக்குப் போட்டால் கண்ணைக் கட்டும். என் கருத்து: மேஜிக் கிங்டத்தில் ஒரு நாளுக்கு வாங்குங்கள், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் போனால் அங்கேயும். அனிமல் கிங்டத்தில் சீக்கிரம் போனால் தேவையே இல்லை. ரைடில் ஏற விரும்பாத தாத்தா பாட்டிக்கு வாங்க வேண்டாம், ஆளுக்கு ஆள் தனியாகத்தான் வாங்குவது. மூன்று வயதுக்குக் கீழான குழந்தைக்கும் வேண்டாம். மேஜிக் கிங்டத்தில் பீட்டர் பானை முதலில் பிடித்துவிடுங்கள். சின்ன ரைடுதான், ஆனால் அதன் வரிசை நாள் முழுக்கக் குறைவதில்லை.

ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நீண்ட வரிசையில் நிற்க முடியாத பிள்ளைகளுக்கு டாஸ் (DAS) என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. அது இலவசம். பயணத்துக்கு முன்பே வீடியோ அழைப்பில் டிஸ்னி பணியாளர்களோடு பேசிப் பதிவு செய்ய வேண்டும், அந்த அழைப்பில் பிள்ளையும் இருக்க வேண்டும். பார்க்குக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

சாப்பாடு

வெளிச் சாப்பாட்டைத் தடையில்லாமல் உள்ளே கொண்டுபோகலாம். நம்மவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, ஆகவே ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். மதுவும் கூடாது. குளிர்பெட்டியில் உதிரி ஐஸ் போடக் கூடாது, ஐஸ் பேக் வைக்கலாம்.

புளியோதரை, சப்பாத்தி ரோல், தக்காளித் தொக்கு தடவிய இட்லி நன்றாகத் தாங்கும். தயிர் சாதத்தை ஐஸ் பேக்கோடு வைத்து மதியத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பார்க்கிலும் பேபி கேர் சென்டர் உண்டு, பால் கொடுக்கவும் டயப்பர் மாற்றவும் அமைதியான அறை. குழந்தைச் சாப்பாட்டைச் சூடாக்க அங்கே மைக்ரோவேவ் இருக்கும். குடிதண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். காபி, சோடா விற்கும் துரித உணவுக் கடைகளில் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள்.

உள்ளே வாங்கிச் சாப்பிடுவதென்றால் ஆப்பில் மொபைல் ஆர்டர் போடுங்கள். பதினொன்றரைக்கே போட்டால் நெரிசலில் நிற்க வேண்டாம். மெனுவில் இலைக் குறி இருந்தால் அது முழுக்கத் தாவர உணவு. வெறும் சாதம், பீன்ஸ் என்று தெரிந்தாலும் கோழிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று சைவக்காரர்கள் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அனிமல் கிங்டத்தில் சட்டுலி கேன்டீனில் டோஃபு கிண்ணம் கிடைக்கும். டோல் விப் அன்னாசி ஐஸில் பால் கிடையாது, வெயிலுக்கு அருமை.

ஒரே ஒரு வேளை உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட ஆசைப்பட்டால், அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியில் உள்ள சனாவுக்குப் போங்கள். ஆப்பிரிக்க, இந்தியச் சுவை கலந்த சமையல். நான் உள்ளிட்ட ஐந்து வகை ரொட்டியும் ஒன்பது வகைச் சட்னி, தொக்குகளும் வைக்கும் தட்டு அங்கே பேர்பெற்றது. சன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேயும். பார்க் டிக்கெட் வேண்டாம், ஓய்வு நாளில் போகலாம். இடம் பிடிக்க 60 நாள் முன்பே பதிவு திறக்கும். ஸ்பிரிங் பிரேக் வாரத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அந்த நாள் எப்படிப் போக வேண்டும்

மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. காரை நிறுத்தும் இடம் வேறு, பார்க் வேறு. நடுவில் ஏரி. மோனோரயிலிலோ படகிலோ போக வேண்டும். கார் நிறுத்தியதிலிருந்து உள்ளே காலடி வைக்க 45 நிமிடம் ஆகும். 9 மணிக்குத் திறந்தால் நீங்கள் 8 மணிக்குக் காரை நிறுத்தியிருக்க வேண்டும். திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறும் ரைடுகளை மதியம் முழுக்க நின்றாலும் பிடிக்க முடியாது.

பன்னிரண்டு மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் ஏறும். பக்கத்தில் தங்கியிருந்தால் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு நாலரைக்கு வாருங்கள், அதே டிக்கெட்டில் திரும்ப நுழையலாம். தூரம் என்றால் உள்ளேயே குளுகுளு அறையில் உட்காருங்கள். கரௌசல் ஆஃப் ப்ராக்ரஸ், ஹால் ஆஃப் பிரசிடென்ட்ஸ், ஃபில்ஹார் மேஜிக் மூன்றிலும் வரிசை குறைவு, உட்கார்ந்த இடத்திலேயே காட்சி. எங்கள் மகன் இதில் ஒன்றில் அரைமணி நேரம் நன்றாகத் தூங்கினான்.

தாத்தா பாட்டிக்கு வாசலிலேயே சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்துவிடுங்கள். 'எனக்கெதுக்கு, நான் நடப்பேன்' என்றுதான் சொல்வார்கள். என் போன் அன்று 20,000 அடிகளுக்கு மேல் காட்டியது, அறுபத்தைந்து வயது முழங்கால் அதைத் தாங்காது. எடுத்து வைத்தால் பையை வைக்கவாவது ஆகும் என்று சொல்லுங்கள், மத்தியானத்துக்குள் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஸ்ட்ரோலர், அதாவது குழந்தைத் தள்ளுவண்டி வேண்டும். 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேல் கூடாது, இழுத்துச் செல்லும் வேகன் வகைக்கும் அனுமதி இல்லை. ரைடு வாசலில் நிறுத்தும் ஸ்ட்ரோலர்களைப் பணியாளர்கள் ஒழுங்குபடுத்தி நகர்த்தி வைப்பார்கள். நூறு கறுப்பு வண்டிகளுக்கு நடுவே கண்டுபிடிக்க, கைப்பிடியில் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டுங்கள். நாங்கள் அத்தையின் பழைய மஞ்சள் புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினோம்.

தினமும் காலையில் கிளம்பும்போது பிள்ளைகளை அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள். கையில் உங்கள் போன் எண்ணை எழுதுங்கள். வழி தவறினால் பெயர் அட்டை குத்தியவர்களிடம் போகச் சொல்லி, ஒரு பணியாளரைக் காட்டியும் வையுங்கள். பையில் சன்ஸ்கிரீன், ஆளுக்கொரு மழைக் கோட்டு, மாற்றுச் சாக்ஸ், பவர் பேங்க், காய்ச்சல் மருந்து. அனிமல் கிங்டத்தின் நீர்ச் சவாரியான காளி ரிவர் ரேபிட்ஸில் ஏறினால் தொப்பலாக நனைவீர்கள், சாக்ஸ் அதற்குத்தான்.

இரவு திரும்பும்போது

மேஜிக் கிங்டம் வாணவேடிக்கையைப் பார்க்காமல் வராதீர்கள். ஆனால் முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலுக்குப் பாய்வார்கள். நீங்கள் அவசரப்படாமல் ஒரு பெஞ்சில் உட்காருங்கள், அரைமணி நேரம் போகட்டும். பிறகு மோனோரயில் வரிசைக்குப் போகாமல் படகுத்துறைக்குப் போங்கள். பஸ் என்றால் ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டும், அதற்காகத் தூங்கும் பிள்ளையை எழுப்ப வேண்டும். படகில் மடிக்காமல் அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம். கீழ்த்தளத்தில் ஓரமாக நிறுத்தி பிரேக் போட்டு, சின்னவனுக்கு அந்த ஸ்வெட்டரைப் போர்த்திவிடுங்கள். ஏரிக் காற்று குளிரும். காரை எந்த வரிசையில் நிறுத்தினீர்கள் என்பதைக் காலையிலேயே போட்டோ எடுத்து வைத்திருந்தால், கரை சேர்ந்ததும் நேராகப் போய் ஏறிவிடலாம்.